நாலரை மணி நேரம்

ஆலங்குடி, வடகாடு, கொத்தமங்கலம், கீரமங்கலம் பக்கம் ஒரு வீட்டில் பெரியவர் விடியற்காலையில் எழுந்திருக்கிறார். வலது கை தூக்க வரவில்லை, வாய் ஒரு பக்கம் கோணியிருக்கிறது, பேச்சு குழறுகிறது. அடுத்து என்ன நடக்கும் என்பது இந்தப் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். "ராத்திரி வெளித்திண்ணையில படுத்தாரு, காத்து பட்டிருக்கும்" என்பார் ஒருவர். இன்னொருவர் எண்ணெய் சூடு பண்ணிக் கையை நீவிவிடுவார். புறா ரத்தம் தேய்த்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்ல, புறா தேடி ஒரு பையன் சைக்கிளில் போவான். சிங்கப்பூரிலோ திருப்பூரிலோ இருக்கும் மூத்த மகனுக்குப் போன் போகும். அவர் எடுக்கும் வரை முடிவு நிற்கும். பிறகு தெரிந்த டாக்டரிடம் ஒரு குளுகோஸ் பாட்டில். சாயங்காலம்தான் புதுக்கோட்டைக்கு வண்டி கிளம்பும்.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. எல்லோரும் அன்போடுதான் ஓடுகிறார்கள். ஆனால் அந்தப் பெரியவரின் மூளையில் அடைபட்ட ரத்தக்குழாய்க்கு இவர்களின் அன்பு தெரியாது. பக்கவாதம் தாக்கிய மூளையில் சிகிச்சை இல்லாமல் கழியும் ஒவ்வொரு நிமிடத்திலும் சராசரியாக 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். உடல் எடையில் 50-இல் ஒரு பங்குதான் மூளை. ஆனால் உள்ளே போகும் ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. சேமிப்பு கிடையாது. ரத்தம் நின்றால் உடனே பட்டினி.

நரம்பு மண்டல நோய்கள் என்றதும் பெரிய ஆஸ்பத்திரி, புரியாத பெயர், தீராத வியாதி என்றுதான் நினைக்கிறோம். உண்மை வேறு. உலக சுகாதார நிறுவனமும் ஆய்வாளர்களும் 2024 மார்ச்சில் வெளியிட்ட கணக்குப்படி, 2021-ஆம் ஆண்டில் உலகில் 340 கோடிப் பேருக்கு, அதாவது 100 பேரில் 43 பேருக்கு, ஏதோ ஒரு நரம்பு மண்டலக் கோளாறு இருந்தது. இந்தியாவில் அதிக பாதிப்பைத் தருபவை பக்கவாதம், தலைவலி நோய்கள், வலிப்பு ஆகியவை. மூன்றும் நம் தெருவில் இருப்பவைதான். மூன்றுக்கும் வைத்தியமும் இருக்கிறது. இடையில் நிற்பது தாமதம். சில நோய்களில் அந்தத் தாமதம் மணிக்கணக்கில், சிலவற்றில் வருடக்கணக்கில்.

கடிகாரம் எப்போது ஓட ஆரம்பிக்கிறது?

ரத்தக்கட்டி அடைத்து வரும் பக்கவாதத்துக்கு அந்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி பலன் தருகிறது என்று அமெரிக்காவில் 1995-இல் நிரூபித்தார்கள். அப்போது மூன்று மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும் என்றார்கள். 2008-இல் ஐரோப்பிய ஆய்வு ஒன்று அதை நாலரை மணி நேரமாக நீட்டியது. பெரிய ரத்தக்குழாய் அடைத்திருந்தால், தொடை வழியாகக் கம்பி செலுத்திக் கட்டியை வெளியே இழுக்கும் சிகிச்சை 2015-க்குப் பிறகு பரவலாகியிருக்கிறது. சிலருக்கு அதை 24 மணி நேரம் வரைகூடச் செய்ய முடிகிறது. ஆனாலும் முதல் ஊசிக்கான நாலரை மணி நேரம்தான் சாமானியர் நம்பியிருக்க வேண்டிய கணக்கு.

அந்த நாலரை மணி நேரம் எப்போது தொடங்குகிறது என்பதில்தான் பலர் ஏமாந்து போகிறார்கள். நோயாளி கடைசியாக நன்றாக இருந்ததை யாராவது பார்த்த நேரத்திலிருந்து அது தொடங்குகிறது. இரவு பத்து மணிக்கு நன்றாகப் பேசிவிட்டுப் படுத்தவர் காலை ஐந்து மணிக்குக் கை விழுந்து எழுந்தால், ஆரம்ப நேரம் இரவு பத்து. ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்கும் முதல் கேள்வியும் அதுவாகத்தான் இருக்கும். கூடப் போகிறவர் கட்டாயம் அதைச் சொல்லத் தெரிந்தவராக இருக்க வேண்டும். விடியலில் கண்டுபிடித்தால் நேரம் போய்விட்டது என்று வீட்டிலேயே இருந்துவிடவும் கூடாது. ஸ்கேன் பார்த்து இன்னும் என்ன செய்ய முடியும் என்று முடிவு செய்வது டாக்டர் வேலை.

ஏன் ஸ்கேன்? பக்கவாதம் இரண்டு வகை. குழாய் அடைப்பது ஒன்று, குழாய் வெடித்து மூளைக்குள் ரத்தம் கசிவது இன்னொன்று. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அடைத்தவருக்கு உயிர் கொடுக்கும் ஊசி, கசிந்தவருக்கு எமன். அதனால்தான் சி.டி. ஸ்கேன் எடுக்காமல் யாரும் அந்த ஊசியைப் போட மாட்டார்கள். வீட்டில் ஆஸ்பிரின் மாத்திரை கொடுப்பதும், பிரஷர் ஏறியிருக்கிறது என்று நாமாகவே பிரஷர் மாத்திரையை வாயில் போடுவதும் இதே காரணத்தால் ஆபத்து. தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது. விழுங்கும் தசைகளும் செயலிழந்திருந்தால் அது நுரையீரலுக்குள் போய்விடும்.

சந்தேகம் வந்தால் மூன்றைப் பாருங்கள். சிரிக்கச் சொல்லுங்கள், வாய் ஒரு பக்கம் இழுக்கிறதா? இரண்டு கைகளையும் நீட்டித் தூக்கச் சொல்லுங்கள், ஒரு கை கீழே சரிகிறதா? ஒரு வரி பேசச் சொல்லுங்கள், குழறுகிறதா? மூன்றில் ஒன்று இருந்தாலும் 108-க்குப் போன் செய்து, "பக்கவாதம், இத்தனை மணிக்கு ஆரம்பிச்சது" என்று சொல்ல வேண்டும். ஸ்கேன் கருவி, அதைப் பார்த்துச் சொல்லும் டாக்டர், ஊசி ஆகிய மூன்றும் சேர்ந்து இருக்கிற இடத்துக்கு நேராகப் போக வேண்டும். நம் பக்கத்துக்குப் புதுக்கோட்டை முள்ளூரில் 2017-இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அதைத் தாண்டினால் தஞ்சாவூர், திருச்சி. ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டை சுமார் 20 கிலோமீட்டர். நாலரை மணி நேரத்தில் இந்தத் தூரம் ஒன்றுமே இல்லை. நேரத்தைத் தின்பது சாலை அல்ல. திண்ணைப் பேச்சும் போன் பேச்சும்தான்.

இன்னொன்று. கை மரத்துப்போய், பேச்சு குழறி, பத்து இருபது நிமிடத்தில் தானாகவே சரியாகிவிட்டால் "நல்லவேளை, கடவுள் காப்பாத்திட்டார்" என்று விட்டுவிடுகிறார்கள். அது பெரிய பக்கவாதத்தின் முன்னோட்டம். அடுத்த சில நாட்களிலேயே வரலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வாய் கோணுவதெல்லாம் பக்கவாதமும் அல்ல. முகத்து நரம்பு மட்டும் வீங்கிச் செயலிழக்கும் முகவாதமும் உண்டு. அதில் கை கால் நன்றாக இருக்கும். அந்தப் பக்கத்துக் கண்ணை மூட முடியாது, நெற்றியைச் சுருக்க வராது. பெரும்பாலோருக்கு முழுக்கக் குணமாகிவிடும். ஆனால் அதற்கும் மூன்று நாட்களுக்குள் மாத்திரை தொடங்குவதுதான் நல்லது. எது எது என்று வீட்டில் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

வலிக்காத கடி

மேல்நாட்டு நரம்பியல் புத்தகங்களில் ஓரத்தில் இருக்கும் ஒரு விஷயம் ஆலங்குடி வட்டாரத்தில் நடுவில் இருக்க வேண்டும். பாம்புக்கடி. அதிலும் கட்டுவிரியன்.

தென்னந்தோப்பிலும் வாழைக் கொல்லையிலும் தரையில் பாய் விரித்துப் படுக்கிற ஊர் இது. கீரமங்கலம் பூச்சந்தைக்கு மல்லியும் முல்லையும் போக வேண்டுமானால் இருட்டிலேயே செடிக்குள் கையை விட்டாக வேண்டும். கட்டுவிரியன் இரவில் வரும். கடித்த இடம் பெரிதாக வலிக்காது, வீங்காது. பல் பட்ட தடம்கூடச் சில நேரம் தெரியாது. நடு இரவில் வயிற்று வலி என்று எழுந்திருப்பார்கள். "சாப்பாடு ஒத்துக்கலை" என்று சோடா வாங்கிக் கொடுப்பார்கள். பிறகு இமை கீழே இறங்கும், எச்சில் விழுங்க முடியாது, பேச்சு மூக்கால் வரும், மூச்சு தளரும். அதன் விஷம் நரம்பு முனைகளைத் தாக்குகிறது. நரம்பு இடும் கட்டளை தசைக்குப் போய்ச் சேராது.

இதில் நெஞ்சைப் பதற வைக்கும் உண்மை ஒன்று உண்டு. கட்டுவிரியன் கடித்தவர் கண் திறக்க மாட்டார், கை அசைக்க மாட்டார், டார்ச் அடித்தால் கண்பாவைகூடச் சுருங்காமல் இருக்கலாம். பார்ப்பவர் "மூளை செத்துப்போச்சு" என்று நினைத்துவிடும் அளவுக்கு உடல் அசைவற்றுக் கிடக்கும். ஆனால் உள்ளே மூளை நன்றாக இருக்கலாம். சுற்றி அழுகிறவர்களின் குரல் அவர் காதில் விழுந்துகொண்டிருக்கலாம். செயற்கை சுவாசம் கொடுத்துக் காத்திருந்தால், சில நாட்களில் நரம்பு முனைகள் மீண்டு, எழுந்து வீட்டுக்கு நடந்து போனவர்கள் இருக்கிறார்கள். மூச்சு நின்றுவிடாமல் ஆஸ்பத்திரி போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். கடித்த இடத்தைக் கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம், இறுக்கிக் கட்ட வேண்டாம், பாடம் போட அழைத்துப்போக வேண்டாம். நடக்க விடாமல், கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் தூக்கிப்போக வேண்டும். கொசுவலைக்குள், முடிந்தால் கட்டிலில் படுப்பது கட்டுவிரியனுக்கு எதிராக நாம் செய்யக்கூடிய எளிய காவல்.

விஷமுறிவு மருந்துக்கான விஷத்தைச் சேகரிப்பதில் பெரும் பங்கு வகிப்பது மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கப்பட்ட இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். தமிழ்நாடு அரசு 2024 நவம்பரில் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. இனி ஒவ்வொரு கடியும் கணக்கில் வர வேண்டும். எந்த மருத்துவமனையில் எவ்வளவு மருந்து வேண்டும் என்பது அப்போதுதான் தெரியும். இதைத் தாமதமாக வந்தாலும் நல்ல முடிவு என்பேன்.

சாவிக்கொத்தும் ஐந்து நிமிடமும்

பஸ் ஸ்டாண்டில் ஒருவருக்கு வலிப்பு வந்து விழுந்தால் பத்துப் பேர் சாவிக்கொத்தோடு ஓடி வருவார்கள். கையில் இரும்பைத் திணிப்பார்கள். கொஞ்ச நேரத்தில் வலிப்பு நிற்கும். "பாத்தியா, இரும்பு வச்சதும் நின்னுருச்சு!" பெரும்பாலான வலிப்புகள் இரண்டு மூன்று நிமிடத்தில் தாமாகவே நின்றுவிடும் என்பதுதான் விஷயம். சாவி தேடி எடுத்துவர ஆகும் நேரமும் அதுதான். இரும்பால் பலனில்லை, அதை இறுகப் பிடித்துக் கையைக் கிழித்துக்கொண்டவர்கள்தான் உண்டு.

செய்ய வேண்டியவை கொஞ்சம். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்கு அடியில் துண்டை மடித்து வையுங்கள். வாயில் கரண்டி, துணி, விரல் எதையும் விடாதீர்கள். கை காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். மணி பாருங்கள்: ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, தெளிவதற்குள் மறுபடி வந்தாலோ உடனே ஆஸ்பத்திரி.

வலிப்பில் கொடுமையான தாமதம் வருடக்கணக்கில் நடக்கிறது, அதுவும் பெண்பிள்ளைகள் விஷயத்தில். "வெளியே தெரிஞ்சா கல்யாணம் ஆகாது" என்று மறைத்து, மாத்திரையை அரிசிப்பானைக்குள் ஒளித்து, கல்யாணத்தன்று நிறுத்திவிடுகிறார்கள். தூக்கமில்லாத கல்யாண இரவுகளும், நிறுத்திய மாத்திரையும் சேர்ந்தால் வலிப்பு வராமல் என்ன செய்யும்? இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு நோயைத் திருமணத்துக்குத் தடையாகக் காட்டிய சொல் இருந்தது. 1999-இல் சட்டத்தைத் திருத்தி அதை எடுத்துவிட்டார்கள். சட்டம் மாறி கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. சம்பந்தம் பேசும் கூடத்தில் பேச்சு இன்னும் மாறவில்லை. சரியான மாத்திரையைச் சரியாகச் சாப்பிட்டால் 10 பேரில் 7 பேர் வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தை பெறலாம். வலிப்பு மாத்திரைகளில் ஒன்றிரண்டு கருவுக்கு ஆகாதவை என்பதால், கருத்தரிக்கும் முன்பே டாக்டரிடம் சொல்லி மாத்திரையை மாற்றிக்கொண்டால் போதும். அதற்குத்தான் மறைக்காமல் இருக்க வேண்டும் என்கிறோம்.

வலிப்பு ஆராய்ச்சியில் தமிழ்நாடு பின்தங்கி நின்றதே இல்லை. கனடாவில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்ற டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949-இல் வேலூர் சி.எம்.சி.யில் இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். 1952-இலேயே அங்கே வலிப்புக்கு அறுவை சிகிச்சை நடந்தது. சென்னைப் பொது மருத்துவமனையில் டாக்டர் பி. ராமமூர்த்தி 1950-இல் இந்தத் துறையை உண்டாக்கினார். பின்னாளில், வலிப்பு வந்தவர்களின் ஸ்கேனில் வளையம் போலத் தெரிந்த சிறு புள்ளியைக் காசநோய்க் கட்டி என்று நினைத்து மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், அவற்றில் பெரும்பாலானவை நாடாப்புழுவின் முட்டையால் வந்தவை என்று வேலூர் டாக்டர்கள் 1980-களின் இறுதியில் எடுத்துக்காட்டினார்கள். அந்த முட்டை மனித மலத்திலிருந்து மண்ணுக்கும் நீருக்கும் போய், கழுவாத கீரை, காய் வழியாக வயிற்றுக்குள் வருகிறது. சைவம் சாப்பிடுகிறவருக்கும் வரும். கழிப்பறையும் கை கழுவும் சோப்பும் வலிப்பு நோய்க்கு மருந்து என்றால் மிகையில்லை.

வலி தெரியாத கால்

உலகில் நரம்பு நோய்களிலேயே மிக வேகமாகப் பெருகுவது சர்க்கரை நோயால் வரும் நரம்புச் சிதைவு. 1990-இலிருந்து 2021-க்குள் மூன்று மடங்குக்கு மேல் உயர்ந்து 20 கோடிப் பேரைத் தாண்டிவிட்டது. காலில்தான் முதலில் தெரியும். கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடை வயல் அல்லவா? அதுபோல உடம்பில் மிக நீளமான நரம்புகளின் கடைசி முனை பாதத்தில் இருப்பதால் அதுதான் முதலில் வாடும். எரிச்சல், மதமதப்பு, எறும்பு ஊர்வது போன்ற உணர்வு. பிறகு எரிச்சலும் போய்விடும். "இப்ப எரியலைங்க, நல்லாருக்கு" என்பார்கள். நரம்பு அணைந்துபோனதால் வந்த அமைதி அது. நடக்கும்போது செருப்பு கழன்று விழுந்தது தெரியவில்லை என்றால் அன்றே பாதத்தை டாக்டரிடம் காட்ட வேண்டும்.

வலி போனால் என்ன ஆகும் என்பதை உலகத்துக்குச் சொன்ன பாடமும் வேலூரில்தான் படிக்கப்பட்டது. தொழுநோயும் நரம்பைத் தாக்கும் நோய்தான். 1946-இல் வேலூர் வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் விரல்கள் நோயால் அழுகி உதிரவில்லை, உணர்ச்சி இல்லாததால் காயப்பட்டுக் காயப்பட்டுக் கரைகின்றன என்று கண்டார். உறக்கத்தில் எலி கடிப்பதுகூட அவர்களுக்குத் தெரியவில்லை. அந்தக் கால்களுக்காக மெத்தென்ற நுண்ணறை ரப்பரில் செருப்பு செய்யப்பட்டது. எம்.சி.ஆர். செருப்பு என்று இன்று சர்க்கரை நோயாளிகள் கேட்டு வாங்கிப் போடுவது அந்த வழியில் வந்ததுதான்.

அதே ஆஸ்பத்திரியில் இளம் டாக்டராக இருந்த மேரி வர்கீஸுக்கு 1954-இல் ஒரு சாலை விபத்தில் முதுகுத்தண்டு நரம்பு அறுந்து, இடுப்புக்குக் கீழே உணர்வு போனது. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு மறுவாழ்வு மருத்துவம் படித்துவந்து 1966-இல் வேலூரில் அதற்கென ஒரு நிலையத்தை உருவாக்கினார். தென்காசிப் பக்கம் ஆய்க்குடியில், 1975-இல் கடற்படைத் தேர்வின்போது கழுத்து நரம்பு அடிபட்டுக் கை கால் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். முடங்கியவர் மூலையில் கிடக்க வேண்டியவர் என்ற எண்ணத்தை இந்த இருவர் வாழ்க்கையே பொய்யாக்கிவிட்டது.

தென்னை, பனை, பலா ஏறுகிறவர்களும் வாடிவாசல் முன் நிற்கும் இளைஞர்களும் நிறைந்த நம் மாவட்டத்தில் முதுகுத்தண்டு அடிபடுவது அரிதல்ல. விழுந்தவரைக் கையும் காலுமாகத் தூக்கி ஆட்டோவில் மடக்கிப் போடுவதால், தப்பியிருக்க வேண்டிய நரம்பும் அறுந்துபோகிறது. கதவையோ பலகையோ கொண்டு வாருங்கள். கழுத்தும் முதுகும் வளையாமல் நாலைந்து பேர் சேர்ந்து, ஒரே வீச்சில் புரட்டிப் படுக்க வையுங்கள்.

மாத்திரையை ஏன் நிறுத்துகிறோம்?

நடுக்கவாதம், மறதி நோய், ஒற்றைத் தலைவலி ஆகியவற்றுக்குத் தனித்தனியே எழுத வேண்டும். மறதி முற்றிய பெரியவரைக் "கிறுக்கு" என்று சொல்லாதீர்கள், வாரத்தில் பல நாள் தலைவலிக்கு மெடிக்கலில் தாமாகவே மாத்திரை வாங்கி விழுங்காதீர்கள் என்பதோடு இங்கே நிறுத்துகிறேன். ஏனென்றால் பக்கவாதம், பாத நரம்புச் சிதைவு, முதுமை மறதியில் ஒரு பகுதி ஆகிய மூன்றுக்கும் பொதுவான வேர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது: பிரஷரும் சுகரும்.

தமிழ்நாட்டில் 2020-இல் எடுத்த கணக்கில் பெரியவர்களில் மூவரில் ஒருவருக்கு ரத்த அழுத்தம் இருந்தது. அவர்களில் அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 7.3 சதவீதம்தான். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் 10.8 சதவீதம். இதைப் படித்தபோது எனக்குக் கோபமும் வருத்தமும் சேர்ந்தே வந்தன. மாத்திரை இல்லாத ஊர் அல்ல இது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் பிரஷர், சுகர் மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. பக்கவாதம் வந்தவருக்குப் பிசியோதெரபியும் வீட்டிலேயே தருகிறது. நல்ல திட்டம். ஆனால் "இப்ப நல்லாத்தான் இருக்கேன், எதுக்கு மாத்திரை?" என்று நாம் நிறுத்திவிடுகிறோம். பிரஷருக்கு வலி கிடையாது. அது அறிவித்துவிட்டு வருவதில்லை.

அரசிடம் கேட்க வேண்டியதும் இருக்கிறது. கட்டி கரைக்கும் ஊசியை இரவு பகல் எந்நேரமும் போடும் மருத்துவமனை எது என்பதை ஆலங்குடி, கறம்பக்குடி, அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுகளில் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். வட்டத் தலைமை மருத்துவமனைகளுக்கே ஸ்கேனும் நிபுணரின் ஆலோசனையும் வந்துசேர வேண்டும். மாதம் ஒருமுறையாவது நரம்பியல் நிபுணர் ஆலங்குடிக்கு வந்து வலிப்பு நோயாளிகளைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் ஒரு மாத்திரைச் சீட்டுக்காக ஒரு நாள் கூலியை இழக்கிறவர்கள் சிகிச்சையை விடாமல் இருப்பார்கள்.

அது வரும்வரை, இந்த வாரமே வீட்டில் 30 வயதைத் தாண்டிய எல்லோரும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் பிரஷரும் சுகரும் பாருங்கள். காசு வாங்க மாட்டார்கள். மாத்திரை கொடுத்தால் டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீர்கள். யாருக்காவது வாய் கோணினால் முதலில் மணியைப் பார்த்துக் குறித்துக்கொண்டு, 108-ஐ அழையுங்கள். மூத்த மகனுக்கு ஆம்புலன்ஸில் ஏறிய பிறகு போன் செய்யலாம்.